மழையில் இறுகிய நடைவண்டி

அண்ணே,

இன்று காலை எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நாலு நாளாக விடாத மழை. ஐப்பசி வந்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்ரீரங்கத்து மரச்சாமான் எல்லாம் உப்பிப்போகும் என்பதை உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? தோளால் முட்டித் திறந்து உள்ளே போனவன் தனியாகச் சிரித்துவிட்டேன். "காலங்காத்தால பாத்ரூம்ல என்ன சிரிப்பு?" என்றாள் வீட்டுக்காரி. "அண்ணன் ஞாபகம் வந்துச்சு" என்றேன். "அந்த வண்டியா?" என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.

நீங்கள் போய் இரண்டு பொங்கல் கடந்துவிட்டது. போனவர்களை நினைத்தால் கண்ணைக் கசக்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? எனக்கு உங்களை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. மற்றது பிறகு வருகிறது.

பாய்லர் தொழிற்சாலையில் நீங்கள் லேத்தில் இரும்பைக் கடைந்து தள்ளுவீர்கள். நான் செக்கிங்கில் உட்கார்ந்து அதை அளந்து பார்த்து, சரியென்றால் ஓகே, இல்லையென்றால் ரிஜெக்ட் என்று எழுதுவேன். ரிஜெக்ட் ஆன அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார மாட்டீர்கள். மறுநாள் காலையில் கோபத்தை மறந்துபோய் உட்கார்ந்துவிடுவீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு அந்த வம்பும் இல்லாமல் இருவருக்கும் கை அரித்தது என்பதுதான் உண்மை.

அப்போதுதான் பேத்தி விஷயம் வந்தது. புனேவிலிருந்து உங்கள் மகள் முதல்முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, நீங்கள் கையை நீட்டியதும் அது வீறிட்டு ஊரைக் கூட்டியது. இருந்த நாள் முழுக்க உங்கள் பக்கம் வரவேயில்லை. "மீசையைப் பாத்தா நானே பயந்தேன், அது பச்சப்புள்ள" என்றார் அண்ணி. நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் என்னிடம் மட்டும் அம்மா மண்டபப் படித்துறையில் வைத்துச் சொன்னீர்கள்: "மாப்பிள்ளைக்குக் கனடாவுல வேலை கெடைச்சிருக்கு தம்பி. தீபாவளிக்கு வந்துட்டுக் கெளம்புறாங்க. அப்புறம் எப்ப வருவாங்களோ. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை, அவளாவே எங்கிட்ட வந்துட்டாப் போதும்."

அதற்குத்தான் நடைவண்டி. பேத்தி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள்; தீபாவளிக்கு நடக்கிற பருவம் வந்துவிடும். கடையில் பிளாஸ்டிக்கில் விற்கிறதே என்றேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். துறையூரில் அண்ணியின் தம்பி தோட்டத்தில் எப்போதோ அறுத்துப் போட்டிருந்த வேப்பம்பலகை வந்தது. அதை அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் போட்டு அப்பளமாகக் காயவைத்தீர்கள். திருவானைக்காவலில் ஒரு கடைசல் பட்டறையில் நின்று, கடைகிறவரை நகர்த்திவிட்டு நீங்களே மூன்று சக்கரமும் அச்சும் கடைந்தீர்கள்.

இரும்பு கடைந்த கை சும்மா இருக்குமா? அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் காற்றுகூடப் போகக்கூடாது என்றீர்கள். நான் என் பங்குக்கு வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து வேப்பங்கட்டையை அளந்தேன். இரண்டு பேருமாக மாடியில் குந்தி, சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டு அது ஆடாமல் சுழல்வதைப் பார்த்துப் பூரித்துப்போனோம். "என்ன, ஓகேவா?" என்றீர்கள். "ஓகே" என்றேன். வண்டியை அண்ணியின் பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தீர்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டது. அது வண்டியை என்ன செய்யும் என்று நம் இருவரில் ஒருவருக்காவது தோன்றியதா? கிடையாது.

அவர்கள் வந்து இறங்கிய காலையில் நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். உள்ளிருந்து நீங்கள் வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்த மீசை காணாமல் போயிருந்தது! "வாடி ராசாத்தி, தாத்தாகிட்ட வா" என்று கையை விரித்தீர்கள். இத்தனை மாதமாகப் போனில் மீசையைப் பார்த்துச் சிரித்துப் பழகியிருந்த குழந்தை, யாரோ புது ஆள் என்று நினைத்து முன்னைவிட உரக்க வீறிட்டது. நீங்கள் அவசரமாகப் போய் வண்டியை எடுத்துவந்து தரையில் வைத்துத் தள்ளினீர்கள். சக்கரம் மூன்றும் அச்சோடு அச்சாக இறுகிப்போயிருந்தன. வண்டி உருளாமல் தடாலென்று குப்புறக் கவிழ்ந்தது. குழந்தை அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ரிஜெக்ட் பண்ணிட்டா தம்பி" என்றீர்கள். வேடிக்கையாகத்தான் சொன்னீர்கள். ஆனால் கை மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

அண்ணி வண்டியைத் தூக்கிப் பார்த்தார். "இரும்பு தண்ணி குடிக்காது, மரம் குடிக்கும். இது கூடவா தெரியல? ரெண்டு பேரும் சேந்து செஞ்ச பாய்லர்லதான் நாட்டுக்கே கரண்ட்டு வருதாக்கும்!" என்று சொல்லிவிட்டு இட்லி எடுக்கப் போய்விட்டார்.

வேறு வழியில்லை. கூடத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். சக்கரங்களைத் தட்டிக் கழற்றி, அச்சை உங்கள் மடியில் வைத்து உளியால் சீவ ஆரம்பித்தீர்கள். உடனே சண்டையும் ஆரம்பித்துவிட்டது. "போதும்ண்ணே, லூசாயிடும்" என்கிறேன் நான். "இன்னும் ஒரு நூல் எறங்கணும், நீ பேசாம உப்புத்தாளை எடுப்பா" என்கிறீர்கள் நீங்கள். நாம் தொழிற்சாலையில் கத்துவது போலவே கத்தினோம். குழந்தை வீட்டில் இருப்பதையே மறந்துபோனோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மறந்துதான் போனோம்.

அது தவழ்ந்து வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். சுருள் சுருளாக விழுந்த சீவல்களில் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தது. வாயில் வைத்தது. வேப்பமரம் அல்லவா, முகத்தைச் சுளித்து என் மேலேயே துப்பியது. நீங்கள் உளியைச் சத்தமில்லாமல் என் பக்கம் தள்ளிவிட்டு உப்புத்தாளைக் கையில் எடுத்தீர்கள். அடுத்து அது உங்கள் முதுகுப் பக்கம் போய், பனியனைப் பிடித்து இழுத்து எழுந்து, உங்கள் தோளில் ஒரு கையை ஊன்றி நின்று, என்னதான் செய்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்தது.

நான் வாயைத் திறந்தேன். "திரும்பிப் பாக்காத" என்றீர்கள், உதடு அசையாமல். "வேலையப் பாரு தம்பி."

அச்சை எப்போதோ வேண்டிய அளவுக்குத் தேய்த்தாகிவிட்டது. ஆனாலும் நீங்கள் நிறுத்தவில்லை. அந்தச் சின்னக் கை தோளில் இருக்கும்வரை அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டேயிருந்தீர்கள். உங்கள் கண்ணாடிக்குக் கீழே ஈரம் இறங்கியது. துடைத்தால் தோள் அசையும் என்று துடைக்காமல் விட்டீர்கள். அச்சு இளைத்துக்கொண்டே போனது. கடைசியில் சக்கரத்தை மாட்டினால் அது கடையாணி கழன்ற மாட்டுவண்டிச் சக்கரம் போல ஆடியது. என் சர்வீஸில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் பாஸ் செய்ததே இல்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"ஓகேண்ணே" என்றேன்.

கிளம்பும் நாள்வரை பேத்தி அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, கூடம் அதிர டகடகவென்று நடந்தாள். போகும்போது அவளே தாவி உங்களிடம் வந்தாள். அதற்குள் மீசையும் பாதி முளைத்திருந்தது.

போன மாதம் என் மகன் சென்னையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். அவனும் நானும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். முகம் சரியில்லை. அவன் அம்மா கேட்டுப் பார்த்தாள், அவன் அக்கா போனில் கேட்டுப் பார்த்தாள், ஒன்றும் பெயரவில்லை. பழைய நானாக இருந்தால் எதிரில் உட்காரவைத்து விசாரித்திருப்பேன். அன்று வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். சைக்கிளின் முன்சக்கரத்தை விரலால் சுழற்றிவிட்டான்.

"வேலை போயிருச்சுப்பா" என்றான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை அண்ணே. துடைத்த கம்பியையே மறுபடியும் துடைத்தேன். அவன் பேசிக்கொண்டேயிருந்தான்.