இருநூற்றுப் பதினாலு இடங்களுக்கு ஒரு பிளான்

ஜூன் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் ரோடு வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. ரேஷனுக்குப் போகவில்லை.

அவருடைய போனைச் சார்ஜில் போட்டேன். முதுகுப் பக்கம் லேசாக உப்பியிருக்கிறது. ஸ்ரீதரிடம் சொன்னேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை. அம்மா குரல் கம்மினால் அவனுக்குக் கேட்காது, பேட்டரி உப்பினால் மட்டும் பதறிவிடுவான். "அது வீங்குதும்மா, ரொம்ப நாள் தாங்காது. போன் போச்சுன்னா அப்பா மேப்ல போட்ட இடமெல்லாம் அதோட போயிடும். அதுக்குள்ள அனுப்பிடணும். ஒரு டேட்டா பிளான் போடுங்க, போதும்."

போதுமாம்.

ஜூன் 13, வியாழன்

இந்தப் போனை அவருக்குக் கொடுத்த அன்று ஸ்ரீதர் ஒரு பிரசங்கம் செய்தான். இது எந்தக் கம்பெனிக்கும் அடிமை இல்லையாம். உள்ளே இருக்கிற ப்ரோக்ராமை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நம்மை யாரும் வேவு பார்க்க முடியாது. "நம்மள வேவு பாத்து என்னத்தடா தெரிஞ்சுக்குவான், ரசத்துக்கு எத்தனை மிளகுன்னா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பின்மூடியைக் கழற்றி, "அமிர்தம், இங்க பாரு, இதுல எனக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான்" என்று உள்ளே எதையோ காட்டினார். நான் தாளித்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

கடுகு கருகியிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்?

அப்புறம் அந்தப் போனில் மேப் போடுகிற பைத்தியம் பிடித்தது அவருக்கு. எல்லாருக்கும் பொதுவான மேப், யாரும் இடம் சேர்க்கலாம். கரண்ட் ஆபீஸ் லைன்மேன் போகாத சந்து உண்டா இந்தத் தீவில்? கம்பம் ஏறி இறங்கிய இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்தார். டெலானிபூர் குவார்ட்டர்ஸ் குறுக்குப் படி, சௌல்தாரியில் எந்த வரப்பில் நடந்தால் பஸ் ஸ்டாப் வரும், எந்தத் தெருக்குழாயில் தண்ணி நிற்காது. முதலில் அப்போதைக்கப்போது அனுப்பினார். கடைசி எட்டு மாசம் பிளான் போடவில்லை. "மொத்தமா ஒரு நாள் அனுப்பிக்கலாம்" என்பார். மார்ச் மாசம் அவரே போய்விட்டார். ரீசார்ஜ் இல்லாமல் அவருடைய சிம்மும் செத்துவிட்டது.

போனில் எல்லாம் இங்கிலீஷ். ஐந்தாவது படித்தவளுக்கு எண் மட்டும் தெரிகிறது. மேப்பைத் திறந்தால் சிவப்பு அம்புக்குறி, பக்கத்தில் 214. அனுப்பாதது இத்தனை என்று ஸ்ரீதர் சொன்னான்.

ஜூன் 15, சனி

அபர்தீன் பஜார் போனேன். நூர்முகம்மது பாய் கடை. ராமநாதபுரத்துக்காரர், அவருக்கு சிநேகிதர். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது எந்த ஊரு போனு?" என்றார். எந்த ஊரும் இல்லை பாய், சுதந்திரமான போன் என்றேன். "அப்ப பாஸ்போர்ட்டு கேப்பானே" என்றார்.

சாகர் கம்பெனி சிம் வாங்கினேன். அதற்கு என்னைப் போட்டோ எடுத்தார்கள். கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது மிஷின். எதற்கு என்றேன். "உசிரோட இருக்கீங்களான்னு பாக்குது." நாலு தடவை சிமிட்டியும் நம்பவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இருப்பதிலேயே சின்ன டேட்டா பிளான் போட்டார். மூடியைக் கழற்றி சிம்மைச் செருகினார். சிக்னல் கோடு ஒன்றுகூட எரியவில்லை. அதே சிம்மை பாய் தன்னுடைய போனில் போட்டார், ஓடுகிறது. "சிம்மு மேல குத்தமில்ல தங்கச்சி. இது வாயத் தொறக்க மாட்டேங்குது."

ஜூன் 16, ஞாயிறு

ஸ்ரீதர்: "அம்மா, சின்னப் பிளான்னா சில சமயம் அப்படித்தான்." பாய் கடைக்கு வந்த கம்பெனி ஆளும் அதையேதான் சொன்னானாம். பெரியது போட்டால் எடுக்குமாம். பசிக்காதவனுக்குப் பெரிய இலை போட்டால் சாப்பிடுவானா என்று கேட்டேன். "அது வேறம்மா" என்றான்.

பக்கத்து வீட்டு வசந்தகுமாரி, "என் போன்லேருந்து நெட்டு குடுக்குறேன்க்கா, ஹாட்ஸ்பாட்டு" என்று ஓடி வந்தாள். வைஃபை விளக்கே எரியவில்லை. ஸ்ரீதரிடம் சொன்னால், "அதுல வைஃபை கொஞ்சம் மக்கர்ம்மா" என்கிறான். சுதந்திரம் என்றால் மக்கரும் சேர்த்துத்தான்போல.

ஜூன் 18, செவ்வாய்

பெரியது போட்டாயிற்று. தினம் ஒன்றரை ஜிபி. பேச்சு இலவசம். நூறு மெசேஜ் இலவசம். ஒரு சினிமா கம்பெனி மூணு மாசம் இலவசம். கோடு மட்டும் எரியவில்லை.

214ம் சேர்ந்து எவ்வளவுடா இருக்கும் என்று கேட்டேன். "வசந்தகுமாரி அத்தை தினம் உங்களுக்கு ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் அனுப்புறாங்கல்ல, அந்தப் படத்துல பாதிகூட இருக்காதும்மா" என்றான்.

எட்டு மாசம் மனுஷன் வெயிலில் மழையில் நடந்தது. பாதி ரோஜாப்பூ.

ஜூன் 19, புதன்

ரோஜாப்பூ வந்தது. இன்று மஞ்சள்.

ஜூன் 21, வெள்ளி

வசந்தகுமாரி சொன்னாள், சாகர் எல்லாம் கிழங்களுக்கு, தரங் கம்பெனிதான் மலை மேல் எடுக்கும் என்று. அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கவும் இப்படித்தான் அலைந்தாள். கூடவே வந்தாள். தரங் ஆபீஸ் கவுண்டரில் ஒரு பெங்காலிப் பெண். போனைப் பார்த்ததும், "மேடம், யே செட் லிஸ்ட் மே நஹி ஹை" என்றாள். லிஸ்டில் இல்லாவிட்டால் என்னம்மா, கையில் இருக்கிறதே என்றேன் என் இந்தியில். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். நூறு போன் பேர் இருக்கிறது, இது இல்லை. லிஸ்டில் இல்லாததால் பிளான் வேலை செய்யும் என்று சொல்ல முடியாதாம். ஆனால் பிளான் வாங்க லிஸ்டில் இருக்க வேண்டியதில்லையாம். வாங்கினேன். மறுபடி கண் சிமிட்டினேன். இப்போதெல்லாம் ஒரே தடவையில் நம்புகிறது, பழகிவிட்டேன்.

கோடு எரியவில்லை.

ஜூன் 22, சனி

இந்தப் பிளான்கள் மாசம் என்றால் இருபத்தெட்டு நாள். எங்கே போயின மிச்ச நாள் என்று பாயைக் கேட்டேன். "கம்பெனி காலண்டர்ல வருசத்துக்குப் பதிமூணு மாசம் தங்கச்சி" என்றார். எனக்கு அது ஆகாது. இருக்கிற பன்னிரண்டையே தள்ள முடியவில்லை.

ஜூன் 26, புதன்

மூடி இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜில் போட்டால் சுடுகிறது. பயந்து பயந்து அரைமணி போடுகிறேன். திறந்து 214 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறேன். சோறு வெந்ததா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி.

ஸ்ரீதரை வாடா என்றேன். டிசம்பரில் வருகிறானாம், வயரைச் சொருகி எடுத்துவிடுவானாம். டிசம்பர் வரை இருப்பேன் என்று பேட்டரி உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா என்றேன். "5ஜி பிளான் ஒண்ணு போட்டுப் பாருங்கம்மா" என்றான். போட்டேன். அந்தப் போனில் 5ஜியே கிடையாது என்று சாயங்காலம் அவனே போன் பண்ணிச் சொன்னான்.

ஜூன் 30, ஞாயிறு

இந்தப் போனுக்கு எங்க வச்சீக சாவிய? இத்தனை ஊருக்கு வழி போட்டீகளே, இதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போகத் தோணலையா? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு தெரியாதா உங்களுக்கு? மொத்தமா அனுப்பலாம் மொத்தமா அனுப்பலாம்னு — மொத்தமாத்தான் போயிட்டீக.

ஜூலை 1, திங்கள்

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். இது கரண்ட் ஆபீஸ் அவருக்குக் கொடுத்த டைரி. கிழித்தால் பக்க நம்பர் கெடும். இருக்கட்டும்.

ஜூலை 4, வியாழன்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் வசந்தகுமாரி மாவுப் பாத்திரத்தோடு வந்தாள். "அக்கா, எங்க வீட்டுல மட்டும் கரண்ட் இல்ல. ஆபீஸுக்கு மூணு தடவை போன் போட்டுட்டேன். கம்பத்துல ஏதோ பெரிய பால்ட்டா இருக்கும்." நான் என்னை அறியாமல், "மெயின் பாத்தியா?" என்றேன்.

அது என் வாய், அவர் வார்த்தை. முப்பது வருஷம் இந்த வாசலில் வந்து நின்று கரண்ட் இல்லை என்று கத்தினவர்கள் எத்தனை பேர். டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்பார்கள், கரண்ட் எடுக்கிற டீசல் கப்பலில் வரவில்லை என்பார்கள். இவர் சாப்பிட்ட கையோடு கேட்பார், "மெயின் பாத்தீங்களா?" பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

வசந்தகுமாரி வீட்டு மெயின் ஸ்விட்ச்சும் விழுந்துதான் கிடந்தது. தூக்கிவிட்டேன். மிக்சி கத்தியது. அவள், "அட, இவ்வளவுதானா" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால், வாட்ச்சையும் இந்தப் போனையும் ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு ஊக்கு கேட்டார். தாலியில் கோத்திருந்ததில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். பல் குத்தக் கேட்கிறார் என்று திட்டினேன். மூடியை எடுத்து என்னவோ நோண்டினார். "அணைச்சிட்டேன் அமிர்தம். வந்து போட்டுக்கலாம்."

கப்பல் ஏறி ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டு மெயினை அணைத்துவிட்டு அதையேதான் சொல்வார். வந்து போட்டுக்கலாம்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஓரத்தில் அரிசியைவிடச் சின்னதாக ஆறு ஸ்விட்ச், வரிசையாக. இரண்டு கீழே, நாலு மேலே. அன்றைக்கு அவர் தாளிக்கும்போது காட்டியது இதுதான். போனுக்கும் மெயின்!

ஊக்குகள் இப்போது டப்பாவில் இருக்கின்றன. ஒன்றை எடுத்து இரண்டையும் மேலே தள்ளினேன். பாய் முதலில் சின்னப் பிளான் போட்டுக் கொடுத்த அந்தச் சிம்மையே செருகினேன். போனைப் போட்டேன்.

நாலு கோடு.

அம்புக்குறியைத் தொட்டேன். 214. 190. 131. 60. 9. அப்புறம் எண்ணே இல்லை. ஒரு ரோஜாப்பூ வருகிற நேரம்கூட ஆகவில்லை.

அழுதேனா என்றால் அழுதேன். சிரித்தும் தொலைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

ஸ்ரீதரிடம் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அப்புறம், "அம்மா, அந்த ஸ்விட்ச்சுதான்மா அந்தப் போனோட ஸ்பெஷலே. ஒண்ணு நெட்வொர்க், ஒண்ணு வைஃபை. வேற எந்தப் போன்லயும் கிடையாது" என்றான். அப்ப ஏன்டா சொல்லல? "மறந்துட்டேன்மா."

பாயிடம் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறந்தேனே தங்கச்சி, கண்ணு முன்னாடி இருந்துச்சே. சிம்மு விக்கிற அவசரத்துல பாக்கலையே."

அந்தப் போனில் பேச மட்டும் முடியாதாம், இங்கே இருக்கிற டவருக்கும் அதற்கும் ஒத்துவராதாம். பரவாயில்லை. அவரும் கம்பத்தில் ஏறினால் பேச மாட்டார்.

ஜூலை 12, வெள்ளி

ஸ்ரீதர் பார்சலில் புது பேட்டரி அனுப்பிவிட்டான். அவர் போட்டதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். தமிழில்தான் எழுதியிருக்கிறார். "படி 43. கைப்பிடி இல்லை." "நாய் உண்டு. குரைக்கும், கடிக்காது." இது வசந்தகுமாரி வீடு. "இங்கே டீ வேண்டாம்."

டெலானிபூர் பஸ் ஸ்டாப்பில் ஒன்று: "நிழல் உண்டு. அமிர்தம் முட்டிவலிக்கு உட்காரும் பெஞ்சு."

ஜூலை 20, சனி

மேப்பைச் சரிபார்க்கிற ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம், சம்பளம் கிடையாதாம். அதில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் அவர் போட்டதையெல்லாம் பார்த்து நன்றி எழுதியிருக்கிறார். ஸ்ரீதர் படித்துச் சொன்னான். ஒரு திருத்தமும் செய்தாராம். பெஞ்சை வைத்துக்கொண்டு என் பெயரையும் முட்டிவலியையும் எடுத்துவிட்டார். மேப்பில் இடம்தான் வரலாம், ஆள் வரக்கூடாதாம்.

சரிதான். பெஞ்சு இருக்கிறதே.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காய்கறி வாங்க சௌல்தாரி போனேன். வீட்டு மெயினை அணைத்துவிட்டுத்தான் போனேன். சின்னப் பிளானே போதுமாக இருக்கிறது. போன வாரம் பெய்த மழையில் ஓடைப் பக்கத்துக் கல்படி முழுசாக அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மேப்பில் அவர் போட்டது அப்படியே இருந்தது: "குறுக்கு வழி. வழுக்காது." அதை நம்பி யாராவது இறங்கினால் இடுப்பு ஒடியும்.

கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் ஸ்ரீதர் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரி அழித்தேன். தோப்பு வழியாகச் சுற்றி நடந்து பார்த்து, அங்கே ஒரு புள்ளி வைத்தேன். "சுற்று. ஆனால் படி இல்லை."

அம்புக்குறி பக்கத்தில் 2 என்று வந்தது. பஸ் வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.