தரிசு என்று எழுதிய வயல்

மகளே பூல்மணி,

நம் வயல்களைத் தரிசு என்று நிலக்கரிச் சுரங்க ஆய்வறிக்கையில் நீ எழுதியது அநியாயம்.

சர்ஹுல் திருவிழாவில் பூமிக்கும் சூரியனுக்கும் கல்யாணம் முடியாமல் நாம் உழுவதில்லை. அது தெரிந்தும் முந்தின வாரமே, வயல் உழாமல் கிடந்தபோது, சுரங்க அதிகாரியை அழைத்து வந்தாய்.

“கல்யாணம் ஆகாத பொண்ணு மேல ஏர் வைப்போமா சார்?” என்றாள் உன் அம்மா.

“பத்திரிகை வைங்கம்மா, மொய்யோட வர்றேன்!” என்றார் அவர். நீயும் சிரித்தாய்.

சுரங்கம் தோண்டியதும் கிணறு வற்றிவிட்டது. ஓடை கறுப்பாக ஓடுகிறது.

நீ வந்து, இது விளைநிலம் என்று உன் கையால் திருத்த வேண்டும். அந்த அதிகாரி ஓடைத் தண்ணீரில் ஒரு குவளை குடிக்க வேண்டும். அம்மா உனக்குக் கதவைத் திறக்க வேண்டும், இன்னும் சம்மதிக்கவில்லை. அதுவரை எருதுகளை விற்காமல் நான் வைத்திருக்க வேண்டும். அவற்றுக்குக் காட்டத்தான் தண்ணீர் இல்லை.

உன் அப்பா