ஃபோமில் ஒரு எஞ்சின்

மார்ச் 4

இன்று பழுது பார்த்தது இரண்டு லிஃப்ட். ஒன்று மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். ஏணி வைத்து இறக்கிவிட்டதும் நன்றி சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொன்று கதவை மூட மாட்டேன் என்று அடம் பிடித்தது. வீட்டுக்கு வரும்போது முதுகு என்னுடையதாக இல்லை.

பின்பக்க ஷெட்டில் அண்ணனின் வண்டி துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. இரண்டே சீட், தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு, வெயிலில் மங்கிய சிவப்பு. நான் பிறப்பதற்கு முன்னால் செய்த ஸ்போர்ட்ஸ் கார். துருப்பிடித்த கூடாக வாங்கி, பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்து ஓட வைத்தவன் அண்ணன். சாவி இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. "வித்துடு" என்று கொடுத்தான். நான் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று அவனும் கேட்கவில்லை.

மார்ச் 6

லிஃப்டின் கூரைமேல் நின்று மேலே போய்க்கொண்டிருக்கும்போது தோன்றியது. லிஃப்டுக்கு யார் கிளட்ச் மிதிக்கிறார்கள்?

அண்ணனுக்கு இடது கால்தான் பிரச்சினை. விளம்பரப் பலகை மாட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தான். எலும்பு சேர்ந்தது, கணுக்காலுக்குக் கீழே பலம் சேரவில்லை. கட்டுப் பிரித்த வாரமே, யார் சொல்லியும் கேட்காமல் வண்டியை எடுத்தான். கிளட்சிலிருந்து கால் நழுவியது, வண்டி துள்ளிப்போய் கேட்டில் முட்டியது. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவள் அண்ணி. சட்டென்று விலகியதால் தப்பித்தாள். மறுநாளே அதை அக்கம்பக்கத்தில் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை.

இரண்டு பெடல் போதும் அவனுக்கு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைத்தால் வலது கால் பார்த்துக்கொள்ளும். ஆனால் பழைய எஞ்சினோடு எந்த ஆட்டோமேட்டிக்கும் சேராது. கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் அதனோடு பிறந்த எஞ்சினையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

பழைய வண்டிகள் உடைக்கும் இடத்தில் ஒரு குடும்பக் கார் நிற்கிறதாம். பின்னால் லாரி இடித்து அப்பளம். முன்பக்கம் கீறல் இல்லை.

மார்ச் 9

கீழ்வீட்டுக்கு இறங்கிப்போய் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ரகசியமாகச் செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்றார் என் வீட்டுக்காரர். அண்ணனின் வண்டியில் ஆச்சரியமா? என் தலை கழுத்தின்மேல் இருப்பது இவருக்குப் பிடிக்கவில்லை போல.

அண்ணன் டிவியை அணைத்தான். அது நல்ல அறிகுறி இல்லை.

"அந்த எஞ்சினைத் தூக்கிட்டா அது என் வண்டியே இல்ல. வெறும் ஓடு" என்றான்.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது சுலபமாக வருவதில்லை. அண்ணி சமையலறையில் பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவனே ஆரம்பித்தான். உடம்பில் எங்கேயும் வெட்டக்கூடாது. புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது. நாளைக்கே பழைய எஞ்சினைத் திருப்பி வைக்கலாம் என்றால் வைக்க முடிய வேண்டும். இதற்குச் சம்மதமென்றால் என் இஷ்டம்.

சம்மதம் என்றேன். "என்கிட்ட எதுவும் கேக்காதே" என்று சொல்லிவிட்டு மறுபடி டிவியைப் போட்டான்.

அனுமதி மாதிரிதான் இருந்தது. அனுமதிதானே?

மார்ச் 16

பழைய எஞ்சின் வெளியே வந்துவிட்டது. கம்பெனி ஸ்டோரிலிருந்து செயின் பிளாக் கேட்டு வாங்கி, ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் மாட்டித் தூக்கினோம். இவர் வழிகாட்டினார், அதாவது "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெத்தைக் கடைக்காரர், கனமான எதையும் பார்த்தால் அவருக்குப் பயம்.

எஞ்சின் அந்தரத்தில் தொங்கும்போது கீழ்வீட்டுப் பின் ஜன்னலின் திரை அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். திரை நல்ல பிள்ளையாக நின்றது.

பழையதைத் துடைத்து, ஸ்டாண்டில் ஏற்றி, ஓரமாக வைத்தாயிற்று. இவர் அதற்குக் கடையிலிருந்து நல்ல விரிப்பு கொண்டுவந்து போர்த்தினார். எங்கள் கட்டிலுக்கே அந்த விரிப்பு கிடையாது.

மார்ச் 23

புது எஞ்சின் வந்து இறங்கியிருக்கிறது. கியர்பாக்ஸோடு சேர்த்து, என்னைவிட நீளம். இதைச் செயினில் தூக்கி ஒவ்வொரு தடவையும் உள்ளே விட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி விட்டு... என் இடுப்பு தாங்காது என்று புலம்பினேன். புலம்பலில் பாதிதான் முடிந்திருக்கும், இவர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மார்ச் 29

இவர் எஞ்சின் செய்துவிட்டார். ஃபோமில்.

மெத்தை வெட்டுகிற மின்கத்தியால் அறுத்து, பசை போட்டு ஒட்டி, அச்சு அசலாக ஒரு எஞ்சின். பக்கவாட்டில் டப்பா மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஆயில் ஃபில்டரைக்கூட விடவில்லை, உருளையாகச் செய்து ஒட்டியிருக்கிறார். ஒரு கையால் தூக்கி வண்டிக்குள் வைத்தார். அம்சமாக உட்கார்ந்தது. எடுத்தார், வைத்தார், எடுத்தார், வைத்தார். பதினாறு வயதுப் பையன் மாதிரி முகம்.

கலியாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதரைப் பார்த்து நான் அசந்துபோனது இன்றைக்குத்தான். அவரிடம் சொல்லவில்லை. தலையில் ஏறிக்கொள்வார்.

ஃபோம் எஞ்சினை வைத்தே, எஞ்சின் உட்காரும் தாங்கிகள் வர வேண்டிய இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டேன். பழைய போல்ட் ஓட்டைகளே போதும். புது ஓட்டை வேண்டாம்.

ஏப்ரல் 6

வெல்டர் வந்தார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அவசரம். வண்டியிலிருந்து இறங்கும்போதே திரும்பிப் போகும் நேரத்தைச் சொல்கிறவர். ஆனால் கை சுத்தம். தாங்கிகள் நான்கும் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்டபடி. பின்சக்கரத்துக்குப் போகும் தண்டையும் லேத்தில் கொடுத்து அளவாகக் குறைத்து வாங்கிவந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எஞ்சினை இறக்க வேண்டியதுதான். அண்ணி கேட்டாள், முடிந்துவிடுமா என்று. முடிந்த மாதிரிதான் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 13

போச்சு. எல்லாம் போச்சு.

எஞ்சின் இறங்கல. அதாவது இறங்குது, ஆனா கடைசியில ஆயில் ஃபில்டர் போய் அடியில ஓடுற சேஸிஸ் கம்பத்துல இடிக்குது. ஒரு கட்டைவிரல் பருமன்தான். ஃபில்டரைக் கழட்டிட்டா எஞ்சின் அப்படியே பொருந்தி உக்காருது. உக்காந்தப்புறம் ஃபில்டரை மாட்ட இடம் இல்ல. ஃபில்டர் இல்லாம எஞ்சினை ஓட்ட முடியாது. அப்புறம் என்ன பண்றது?

ஃபோம் எஞ்சின் எப்படிப் பொருந்தியது என்று நான் கத்தினேன். இவர் ஃபோம் ஃபில்டரை இரண்டு விரலால் அமுக்கினார். அமுங்கியது. விட்டார். நிமிர்ந்தது.

அவ்வளவுதான் விஷயம். ஃபோம் இடித்த இடத்தில் நசுங்கிக் கொடுத்திருக்கிறது. இரும்பு எங்கே நசுங்கும்? இதை ஒரு மெத்தைக்காரரும் மெத்தைக்காரர் பெண்டாட்டியும் யோசிக்கவில்லை. இந்த ஊரிலேயே, ஏன் உலகத்திலேயே, எங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த மூக்குடைப்பு வாய்த்திருக்காது.

அவசரம் அதற்குள் இரும்பு வெட்டும் கிரைண்டரை பிளக்கில் செருகிவிட்டார். கம்பத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு, உள்பக்கம் ஒரு தகடு, யார் கண்ணுக்கும் தெரியாது, டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும் என்றார். நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன். கிரைண்டர் சுற்ற ஆரம்பித்ததும் அந்தச் சத்தத்தில் என்னவோ ஆகிவிட்டது. சுவிட்சை நானே அணைத்தேன்.

வெட்டினால் அவனுக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் அவன் வாங்கிய ஒரே வாக்கு அதுதானே. அதையும் மீறிவிட்டு என்ன முகத்தோடு சாவியைக் கொடுப்பேன்?

அவசரம் போய்விட்டார். எஞ்சின் செயினில் தொங்குகிறது.

ஏப்ரல் 14

ஷெட்டுப் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 17

இவர் மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. என்மேல் கோபமில்லை, தன்மேல்தான். கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு மெத்தையை அமுக்கிக் காட்டும்போது அப்படியே நின்றுவிட்டாராம், கடைப்பையன் வந்து சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு அசந்துபோனதைச் சொல்லிவிட்டேன். தலையில் ஏறினால் ஏறட்டும்.

ஏப்ரல் 20

அண்ணன் ஷெட்டுக்கு வந்தான்.

நான் கீழே படுத்து ஃபில்டர் இடத்தை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கைத்தடி தெரிந்தது, அப்புறம் செருப்பு. எழுந்தால் போய்விடுவானோ என்று படுத்தபடியே இருந்தேன்.

கொஞ்ச நேரம் எஞ்சினைப் பார்த்தான். பிறகு, "நசுங்கி இருந்துச்சு" என்றான். எது என்றேன். "அந்த ஃபோம் எஞ்சின். மாப்பிள்ளை முதல் தடவை வெச்சப்பவே பாத்தேன், ஜன்னல்லேருந்து. ஃபில்டர் பக்கம் நசுங்கியே இருந்துச்சு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வெளியே வந்து எழுந்து நின்றேன். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? மூன்று வாரம் நாங்கள் நாயாக உழைத்ததை வேடிக்கை பார்த்தாயா? என்னவெல்லாமோ கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"சொன்னா நீ சரி பண்ணிடுவே. சரி பண்ணிட்டா நான் ஓட்டணும்ல."

அப்போதுதான் புரிந்தது. ஒன்றரை மாதமாக இவன் எஞ்சினுக்காகத் துக்கம் கொண்டாடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சினாவது ஒண்ணாவது.

"கேட்டுக்கிட்ட அவ நின்னா பாரு. கண்ணை மூடினா அதான் வருது. அவ நகரலேன்னா?"

இனிமேல் நழுவுவதற்குப் பெடலே கிடையாது, இடது கால் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கைத்தடியால் எஞ்சின் அறையின் மூலையைக் காட்டினான். கண்ணாடி கழுவும் தண்ணீர் பாட்டில் முன்பு அங்கேதான் இருந்தது. அதைக் கழற்றிய இரண்டு ஓட்டைகள் வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கின்றன. ஃபில்டர் எஞ்சின்மேலேயேதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எஞ்சினில் ஃபில்டர் இருந்த வாயில் ஒரு மூடி, இரண்டு ஆயில் குழாய், ஃபில்டரை அங்கே கொண்டுபோய் மாட்டு. வெட்டும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம்.

இத்தனை நாளும் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் டிவி பார்த்தானா?

திட்ட நினைத்தேன். அழுகைதான் வந்தது. அப்பாடா என்று இருந்தது.

ஏப்ரல் 27

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஃபில்டர் மூலையில், ஓட்டைகளுக்கு அளவெடுத்த மாதிரி. வயர்களை நான் இணைத்தேன், அந்த வேலை லிஃப்டை விடச் சுலபம். இவர் விளக்குப் பிடித்தார். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொன்னான்.

சாவியைத் திருப்பியதும் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. பழைய எஞ்சின் தெருவையே எழுப்பும், இது மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டான். "என்ன, தூங்குதா?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

மே 4

பானெட் மூடுகிறது. தெருக்கோடி வரை நான் ஓட்டிப்போய்த் திரும்பினேன். பிரேக் நன்றாக இருக்கிறது, சூடு ஏறவில்லை, எங்கேயும் சொட்டவில்லை. சாவியை டிராயரில் வைக்காமல் கீழ்வீட்டில், அண்ணனின் மேஜைமேல் வைத்தேன்.

எப்போது எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். நாளைக்கு என்றான்.

மே 8

நாளைக்காம்.

மே 15

அண்ணியிடம் புலம்பினேன். சும்மா விடு, நச்சரிக்காதே என்றாள். ஃபோம் எஞ்சின் இப்போது அவர்கள் ஹாலில் இருக்கிறது. டிவி பார்க்கும்போது அண்ணன் இடது காலை அதன்மேல் தூக்கி வைத்துக்கொள்கிறான். இவருக்கு அதில் ஏகப் பெருமை.

பேட்டரி இறங்கிவிடக்கூடாதே என்று வாரத்துக்கு ஒருமுறை நான் வண்டியை வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். எனக்காக சீட்டை முழுதாக முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். குள்ளச்சிக்கு வேறு வழியில்லை.

மே 22

காலையில் வேலைக்குக் கிளம்ப வண்டியில் ஏறினேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. காலை நீட்டினேன், அப்போதும் எட்டவில்லை. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் பின்பக்கத் தெருவுக்குப் பதில் ஷெட்டின் கூரை தெரிகிறது.

புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சீட் கடைசிவரை பின்னால் போயிருந்தது. கண்ணாடி உயரமான ஆளுக்காகத் திருப்பப்பட்டிருந்தது.

இறங்கிப்போய் அண்ணியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேற்று நான் வேலைக்குப் போனபிறகு எடுத்தானாம். ஆற்றுப் பாலம் வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தானாம். அண்ணன் உள்ளே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கேட்டை யார் திறந்தது என்று கேட்டேன்.

"நான்தான். அதே இடத்துலதான் நின்னேன்" என்றாள்.

திரும்பி ஷெட்டுக்கு வந்தேன். சீட்டில் கை வைக்கவில்லை, கண்ணாடியையும் தொடவில்லை. துணியைப் போர்த்திவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. கிடைக்காதது வழியெல்லாம் நினைவிலேயே இல்லை.