கொடி மறைத்ததும் வாயு விழுங்கியதும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வடகடல் எண்ணெய் மேடையில் நான் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

நம் தேசிய நாளான மே பதினேழுக்கு இங்கே கண்ட இடமெல்லாம் கொடி கட்டினார்கள். ஒரு கொடி என் வாயு உணரிக்கு எதிரே படபடத்தது. அந்தக் கருவி கண்ணுக்குத் தெரியாத இரண்டு அகச்சிவப்பு ஒளிகளைத் தளத்தின் குறுக்கே அனுப்பும். துணியோ மூடுபனியோ மறைத்தால் இரண்டும் சேர்ந்து மங்கும். எரிவாயுவோ இரண்டில் ஒன்றை மட்டும் விழுங்கும். காலை முழுக்க இரண்டும் சேர்ந்தே மங்கி, கொடியால் வீண் எச்சரிக்கைகள் வந்தன.

மதியம் மறுபடி எச்சரிக்கை வந்தது.

"உன் மிஷினுக்கு தேசபக்தியே கிடையாதும்மா," என்று மேற்பார்வையாளர் எஸ்கில் சிரித்தார்.

திரையில் இம்முறை ஒரு ஒளி மட்டும் மங்கியிருந்தது.

"இது கொடி இல்ல எஸ்கில். கேஸ் லைனை மூடச் சொல்லுங்க."

கேக் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். குழாய் இணைப்பில் சின்னக் கசிவுதான். சரிசெய்துவிட்டு, கேக் தீருமுன் எல்லாரும் திரும்பிவிட்டோம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நீங்கள் சுட்ட தட்டை ரொட்டியும் கொஞ்சம். நம் நாயின் புகைப்படம் ஒன்று, தூங்குவதாக இருந்தாலும் போதும்.

ஹெலிகாப்டருக்குத் தபால் பையைக் கட்டுகிறார்கள். உங்கள் கடிதத்தில் வானிலை, படகு, கால்பந்து எல்லாம் வழக்கம்போலப் பளிச்சென்று இருந்தன. நான் மூன்று முறை கேட்ட உங்கள் முட்டிவலி பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. ஒன்று மட்டும் மங்கினால் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம், அப்பா. டாக்டர் என்ன சொன்னார்?

உங்கள் மகள்,
சுனிவா