மூன்றாவது டின்

என் பிரியமான அப்பாவுக்கு,

எண்ணூரிலிருந்து உங்கள் செல்வி எழுதுவது. அம்மா நலம். நானும் நலம்தான். உங்களைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை.

நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. சண்டை முடிந்துவிட்டது, அப்பா. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே முடிவது போல் இருந்தது, ஆனால் உங்களிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பஸ் விளக்குகளில் பூசியிருந்த கறுப்பு மையைச் சுரண்டிவிட்டார்கள். ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை மட்டும் சிலர் இன்னும் கிழிக்கவில்லை. கேட்டால், "இருக்கட்டும், மறுபடியும் வந்தா?" என்கிறார்கள். உங்கள் குரல்தான் அது. ஊர் முழுக்க இப்போது உங்கள் குரலில் பேசுகிறது.

இதை உங்களைத் தெரியாத யாராவது படிக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் நீங்கள் கணக்குப்பிள்ளை. பதினான்கு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை எல்லாம் நூறு நோட்டாக மாற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தீர்கள். ஒரு நாள் அந்த நாட்டு அரசாங்கம், ஐம்பதும் நூறும் இனி செல்லாது என்று அறிவித்தது. அப்புறம் ஆலையும் போனது. கப்பலேறும்போது சுங்கத்துக்காரன் அம்மாவின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டான். தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தவன் சிரித்தான். "இதை நீயே வச்சுக்கோ" என்று காலால் தள்ளினான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் சிரித்ததைவிட, நீங்கள் குனிந்து அந்தப் பெட்டியை எடுத்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

எண்ணூரில் நம்மைப் போல் வந்தவர்களோடு ஓலைக்குடிசை போட்டோம். திருவொற்றியூர்க் கிடங்கில் மூட்டை எடை போடும் வேலை உங்களுக்குக் கிடைத்தது. சனிக்கிழமை கூலி வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது அரிசியாகவோ பருப்பாகவோ தீப்பெட்டியாகவோ மாறிவிடும். கையில் நோட்டு தங்கினால் உங்களுக்குத் தூக்கம் வராது.

போன வருடம் கிழக்கே கலவரம் என்று செய்தி வந்தபோது உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். லட்சக்கணக்கான பேர் எல்லை தாண்டி வருகிறார்கள் என்றார்கள். பிறகு தபாலில் ஒட்ட அஞ்சு பைசாவுக்கு அகதி நிவாரணத் தபால் தலை ஒன்று வந்தது. அதை நான் வாங்கி வந்து காட்டியபோது நீங்கள் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தீர்கள்.

"இப்படித்தான்மா அங்கயும் ஆரம்பிச்சுது" என்றீர்கள். "முதல்ல பேப்பர்ல வரும். அப்புறம் தெருவுல வரும். அப்புறம் வீட்டுக்குள்ள வரும்."

அன்றிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கத் தொடங்கினீர்கள். முதல் டின் கட்டிலுக்கடியில் வந்தது. பத்து நாளில் இரண்டாவது டின். அம்மா கேட்டாள், "மூணு பேர் இருக்கற வீட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு?" நீங்கள் சொன்னீர்கள்: "நோட்டைச் செல்லாதுன்னு சொல்லலாம். எண்ணெயச் செல்லாதுன்னு எவன் சொல்லுவான்? ஊத்தினா எரியும்."

பக்கத்து வீட்டு அம்சா அக்கா, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள். "இன்னா பர்மாண்ணே, வூடு பூரா கிருஷ்ணாயில் நாத்தமா கீதே! ஒரு பீடி நெருப்பு வுழுந்தா இன்னா ஆவும்?" நீங்கள் சிரிக்கவே இல்லை. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைக் காட்டி, "குண்டு விழுந்தா முதல்ல அங்கதான் விழும். அதுக்கப்புறம் விளக்குக்கு எண்ணெ கேட்டு நீங்கதான் வருவீங்க" என்றீர்கள். அடுத்த வாரம் அவளும் ஒரு போத்தல் எண்ணெய் கூடுதலாக வாங்கினாள்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

குழந்தைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்து, தேர்வுக் கட்டணத்துக்காகத் தபாலாபீசில் பணம் போட்டு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பாஸ் புத்தகம் என் நோட்டுப் புத்தகங்களுக்கிடையில் உங்கள் கையில் அகப்பட்டது. நீங்கள் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டீர்கள்.

"கவர்மெண்ட் கையில கொடுத்து வச்சிருக்கியா?"

"இது ரங்கூன் இல்லப்பா."

"முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் ரங்கூனும் நல்லாத்தான் இருந்துச்சு."

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறேன். பணம் என்பது நம்பிக்கை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். உங்கள் முன்னால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

சண்டை தொடங்கியதும் சைரன் ஊதிப் பார்த்தார்கள். கடலுக்கடியில் எதிரிக் கப்பல் திரிகிறது என்று பேச்சு. மீன்பிடிக்கப் போகாமல் கட்டுமரங்கள் கரையிலேயே கிடந்தன. காலை ரயிலில் யாரும் யாரோடும் சத்தமாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தபாலாபீசுக்குப் போனேன். கணக்கு செத்துவிடக் கூடாது என்று இரண்டு ரூபாயை மட்டும் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் எடுத்து உங்கள் கையில் கொடுத்தேன்.

அப்பா சொல்லைத் தட்டாத பெண் என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். அது பொய். உங்கள் சொல்லுக்காக நான் எடுக்கவில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. வரிசையில் நின்றபோது பாஸ் புத்தகத்தைத் திறந்து தொகையை மறுபடி மறுபடி பார்த்தேன். அந்தப் பணத்தில்தான் மூன்றாவது டின் வந்தது.

தீப்பிடித்தது மத்தியானம். குண்டு எதுவும் விழவில்லை. நாலு வீடு தள்ளி யாருடைய அடுப்பிலிருந்தோ பொறி பறந்திருக்கிறது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது, கேட்கவும் மனமில்லை. கடல்காற்று வேறு. அம்மா ரேஷன் கடையில். நான் கல்லூரியில். கிடங்கு மூடியிருந்ததால் நீங்கள் மட்டும் வீட்டில். நடந்ததை எல்லாம் அம்சா அக்காதான் அழுதுகொண்டே சொன்னாள்.

"எல்லாரும் பாயி, பானைன்னு தூக்கிகினு ஓட்றோம். உன் நைனா வெளிய வந்துட்டாரு. வந்தவரு என் வூட்ட ஒரு பார்வ பாத்தாரு. என் கொழந்த தூளில தூங்கிகினு கீது, நான் குழாயாண்ட கீறேன். கொழந்தைய எடுத்தாந்து ஒரு கெழவி கையில குடுத்துட்டு, மறுபடியும் உள்ள போனாரு. 'டின்னு வெடிச்சா இந்த வரிசையே போயிடும்'னு கத்திகினே போனாரு. ஒண்ண இழுத்தாந்து மணல்ல தள்ளினாரு. ரெண்டாவதும் வந்துச்சு. மூணாவதுக்குப் போவாதண்ணேன்னு நாங்க கத்தறோம்…"

மூன்றாவதையும் நீங்கள் வெளியே கொண்டுவந்தீர்கள். மணலுக்கு வந்த பிறகுதான் அது உங்கள் மேல் பற்றியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். பேசினது ஒரே தடவை.

"மூணும் வெளிய வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"அம்சா வீடு?"

"அப்படியே இருக்குப்பா. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஒண்ணுமே எரியல."

"அப்ப சரி."

எனக்குச் சரியில்லை அப்பா. நான் பணத்தை எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டு டின்தானே? இரண்டோடு முடிந்திருக்குமே? இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நம் குடிசையோடு தகரப்பெட்டியும் தீயில் கருகிப்போயிருந்தது. அம்மா அதைக் கிளறிக்கூடப் பார்க்கவில்லை. சாம்பலோடு சாம்பலாகக் கூடையில் வாரிக் கால்வாய்க் கரையில் கொட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்தவள், "போய்த் தொலைஞ்சுது" என்றாள். எனக்கும் ஒரு கணம் பாரம் இறங்கினாற்போல இருந்தது. உங்கள் பதினான்கு வருடம் அது. அப்படி நினைத்ததற்கு என்னை மன்னியுங்கள்.

கிடங்கிலிருந்து உங்கள் கடைசி வாரக் கூலியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைத்தான் தேர்வுக்குக் கட்டினேன். டியூஷன் மறுபடியும் தொடங்கி, தபாலாபீசில் மறுபடியும் போட்டு வருகிறேன். அம்சா அக்காவுக்கும் ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன்.

நேற்றுக் கடைத்தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. நூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போகப்போகிறதாம், தபாலாபீசில் பணம் தீர்ந்துகொண்டிருக்கிறதாம். போய்ப் பார்த்தால் வரிசை வாசலைத் தாண்டி ரயில்வே கேட் வரை நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. பாஸ் புத்தகத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன்.

கூடையோடு அம்சா அக்கா வந்தாள்.

"செல்வி, நீ படிச்ச பொண்ணு, சொல்லு. எல்லாரும் துட்ட எடுக்கறாங்களே, நானும் எடுத்துடட்டா?"

"நெஜமா எனக்குத் தெரியலக்கா."

"நீ எடுக்கறியா?"

வரிசையைப் பார்த்தேன். அதில் பாதிப்பேர் நம்மோடு கப்பலில் வந்தவர்கள்.

"இல்லக்கா. நான் எடுக்கல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப நானும் எடுக்கல" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது தப்பாகிப்போனால்? அவளுக்கு என்ன பதில் சொல்வேன்? இதை எழுதும் இந்த நேரம்வரை எதுவும் தெரியவில்லை. இன்றும் அந்த வரிசை நிற்கிறது, நேற்றைவிட நீளமாக.

அப்பா, பயப்பட மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் மகள் அல்லவா. ஆனால் ஒன்று சொல்கிறேன். பயத்தை வீட்டுக்குள் சேர்த்து வைக்க மாட்டேன். ஓட வேண்டிய நாள் மறுபடி வந்தால், அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டிவிட்டுத்தான் ஓடுவேன். அம்சா அக்காவின் பணம் போனால், என் டியூஷன் சம்பளத்தில் பாதி அவளுடையது.

இன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

உங்கள் ஒரே மகள்,
செல்வி