இரும்பின் மேல் ஈரக்கட்டை

4 மார்ச், செவ்வாய்

கூரை உத்திரங்களில் கட்டை பதிக்க ஆரம்பித்தோம். இரும்பில் ஆணி இறங்காது. அதனால் ஒவ்வொரு உத்திரத்தின் மேலும் நீளமாக ஒரு மரக்கட்டையைப் படுக்கவைத்து, துளை போட்டு, போல்ட் இறக்கி, அடியில் நட்டு போட்டு முறுக்க வேண்டும். கூரைத் தகடு முழுக்க அந்தக் கட்டையை நம்பித்தான் நிற்கும். வந்த கட்டையோ பச்சை ஈரம். துளை போட்டால் தூள் பறக்கவில்லை, மாவு மாதிரி அப்பிக்கொள்கிறது.

இன்ஜினியரம்மா கீழேயிருந்து கத்தினார். "மேஸ்திரி, கட்டை காய்ஞ்சா சுருங்கும். மூணு வாரம் கழிச்சு ஒவ்வொரு நட்டையும் திரும்ப முறுக்கணும். மறந்துடாதீங்க!"

நானா மறப்பேன்? இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

9 மார்ச், ஞாயிறு

நாங்கள் கூரை போடுகிற கட்டடத்தில் துணி மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை வரப்போகிறதாம். மனைவி பெயர் கொடுத்துவிட்டாள், பக்கத்து வீட்டு அக்காவும். "நீங்க போட்ட கூரைக்கு அடியில உட்காரப்போறேன். ஒழுகுச்சுன்னா வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்" என்கிறாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

25 மார்ச், செவ்வாய்

மறுமுறுக்குக்குப் போனேன். சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த சைட்டுக்கு வேணும்யா. நீ நல்லாத்தானே முறுக்கியிருப்பே? போடு கையெழுத்த" என்றார் கான்ட்ராக்டர். 'எல்லா நட்டுகளும் மீண்டும் முறுக்கப்பட்டன' என்று தாளில் இருந்தது. வாசலோரம் ஏணி வைத்து ஒரே ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கே சுழன்றது.

கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

ஏன் போட்டேன்? அவர் அவசரப்படுத்தினார் — பொய். முறைத்துக்கொண்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

2 ஏப்ரல், புதன்

கூரை நிற்கத்தான் செய்கிறது.

12 மே, திங்கள்

வேலை முடிந்து வந்த மனைவி சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தாள். ஒரு நட்டு உருண்டது.

"கூரையிலேர்ந்து என் மேசை மேல டங்குன்னு விழுந்துச்சு. உங்க வீட்டுப் பிள்ளையான்னு பாருங்க" என்று சிரித்தாள். இது மூன்றாவதாம். மற்ற இரண்டையும் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டார்களாம்.

நட்டைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். யாரிடமிருந்து ஒளிக்கிறேன்?

13 மே, செவ்வாய்

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "தாள்ல இருக்கிறது யார் கையெழுத்து?" என்று கேட்டு வைத்துவிட்டார். வியாழக்கிழமை பலத்த காற்று வருமாம், ரேடியோவில் சொன்னார்கள்.

14 மே, புதன்

இன்ஜினியரம்மாவின் எண்ணை நாலு தடவை எடுத்தேன். நாலு தடவையும் வைத்துவிட்டேன். சொன்னால் முதலில் என்னைத்தானே பிடிப்பார்கள்?

மனைவியிடம், "தலை சுத்துது. நாளைக்கு நீ வேலைக்குப் போகாத, கூட இரு" என்றேன்.

"அவ்வளவுதானே? அக்காவுக்கு நாளைக்கு லீவுதான். என் இடத்துல உட்காரச் சொல்லிடறேன்" என்றாள்.

வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள். கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான்.

15 மே, வியாழன்

காற்று.

18 மே, ஞாயிறு

கட்டையோடு பெயர்ந்து வந்த தகடு, மனைவியின் மேசை மேல்தான் விழுந்தது. அக்கா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. இன்று காலை போய்விட்டார்.

அக்காவை எடுத்துக்கொண்டு போனபிறகு மனைவி வீட்டுக்கு வந்தாள். தலைகூடத் துவட்டவில்லை. நேரே போய்ப் பீரோவை நகர்த்தினாள். நட்டை எடுத்து இந்த நோட்டின் மேல் வைத்தாள்.

"உங்களுக்கு அன்னிக்குத் தலை சுத்தல, இல்ல?"

"இல்ல" என்றேன்.

அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்ஜினியரம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.