எழும்பாதவர்களின் கேட்டல் சோதனை

செப்டம்பர் 29, திங்கள்

இலக்கணப் பாடத்தில் என் மாணவி யூசின் இன்றும் என்னைத் திருத்தினாள். வாயால் அல்ல. அவள் வாய் திறப்பதில்லை. நான் பலகையில் எழுதிய வசனத்தைப் பார்த்தாள், பேனையைக் கீழே வைத்தாள், காத்திருந்தாள். திரும்பி வாசித்தேன். ஆங்கிலப் பன்மை 'வேர்' வரவேண்டிய இடத்தில் ஒருமை 'வாஸ்' போட்டிருக்கிறேன். அழித்துத் திருத்தியதும் பேனையை எடுத்தாள்.

சீனாவில் செங்டுவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம். ஆங்கில இலக்கணத்தில் நூற்றுக்கு நூறு. கேட்டலில் முப்பத்தெட்டு. எங்களிடம் படிக்கிற சீனப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதே கதைதான். எழுதின ஆங்கிலம் அவர்களுக்கு வீட்டுப்பிள்ளை மாதிரி. பேசுகிற ஆங்கிலம் வாசலில் நிற்கிற அந்நியன்.

அயல்வீட்டு மனிசி, "எங்கை படிப்பிக்கிறியள்?" என்று கேட்டா. யூனியன்வில்லில் ஒரு பிளாசா, கீழே பேக்கரி, மேலே பல் வைத்தியர், அவருக்குப் பக்கத்துக் கதவு எங்கள் பள்ளிக்கூடம் என்றேன். "பள்ளிக்கூடமோ!" என்றா. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒக்ரோபர் 8, புதன்

அகஸ்ரின் சேர் கேட்டல் பாடத்தைத் தானே எடுத்துக்கொண்டார். எங்கள் அதிபர், முதலாளி, வாசல் கதவுக்கு எண்ணெய் போடுகிறவர், எல்லாம் அவர்தான். இருபத்தோராம் திகதி மிசிசாகாவிலிருந்து சோதனை நிறுவனத்தின் ஒலிப்பதிவு வருகிறது. அதில் சித்தியடையாவிட்டால் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் இல்லை.

அவருடைய முறை இதுதான்: ஒலிப்பதிவு ஓடும்போது மேசையில் தட்டுவார், இருமுவார், போனில் அம்புலன்ஸ் சத்தம் போடுவார். தலை நிமிர்த்துகிற பிள்ளைக்குப் புள்ளி குறையும்.

"நான் ஏ.எல். சோதினை எடுக்கேக்கை யாழ்ப்பாணத்திலை ஹெலி சுத்தினது. செல் விழுந்து சுவர் அதிர்ந்தது. நாங்கள் ஒருத்தரும் எழும்பேல்லை. கெமிஸ்ரி 'பி' எடுத்தனான்!" ஆங்கிலத்தில் இதைச் சொன்னார். பிள்ளைகள் 'ஹெலி', 'செல்' இரண்டையும் குறித்துக்கொண்டார்கள்.

நானும் அப்படி எழுதினவள்தான். அதில் என்ன பெருமை என்று தெரியவில்லை. ஆனால் தலையாட்டினேன்.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

காலை சோதனை தொடங்கியது. மேற்பார்வையாளர் பேசக்கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது, பிள்ளைகளுக்கு அது குறிப்பாகிவிடும் என்பது விதி. நான் முகத்தைக் கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி வைத்துக்கொண்டு முன்னால் இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் பீப், பீப், பீப். பிறகு ஒரு குரல். எல்லாம் இரண்டு தரம் ஒலிக்கும்.

விடுதி அறை ஒன்றைப் பதிவு செய்கிற மனிசனின் கதை முடிந்தது. பீப், பீப், பீப். ஒரு பெண், மிக அமைதியாக: இந்தக் கட்டடத்தில் அவசர நிலை அறிவிக்கப்பட்டுள்ளது, அருகிலுள்ள வாசலால் தயவுசெய்து வெளியேறுங்கள்.

பிள்ளைகள் எழுதினார்கள்.

நான் நினைத்தேன் — இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது — 'இந்த முறை பதிவு நல்ல தெளிவு' என்று நினைத்தேன்.

பீப், பீப், பீப். அதே பெண். அதே வசனம். இரண்டாம் தரம். சரிதானே, எல்லாம் இரண்டு தரம். பிள்ளைகள் எழுத்துப்பிழை பார்த்தார்கள். கருகின மணம் வந்தது. கீழே பேக்கரி, எந்த நாளும் வருகிற மணம்.

மூன்றாம் தரம் ஒலித்தபோது ஹௌரான் கை உயர்த்தினான். அவன்தான் வகுப்பில் நியாயம் கேட்கிறவன்.

"மிஸ், மூன்று தரம் போடுகிறார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் மூன்று தரமா?"

அப்போதுதான் பார்த்தேன், கதவின் கீழால் புகை வருகிறது.

கதவைத் திறந்தேன். வெளியே அகஸ்ரின் சேர், வாயில் விரல் வைத்தபடி, பல் வைத்தியரின் வரவேற்புப் பிள்ளையை மற்றக் கையால் மறித்துக்கொண்டு நிற்கிறார். "எக்ஸாம்! எக்ஸாம்!" அவள் அழுகிறாள். அவருக்குப் பின்னால் படியேறி ஒரு தீயணைப்பு வீரர் வந்தார். தலைக்கவசம், கோடரி, எல்லாம். வாசலில் நின்று கத்தினார்: "எவ்ரிபடி அவுட்!"

யூசின் அதையும் எழுதினாள். நான் கண்ணால் கண்டேன்.

பிறகு ஒருமாதிரி எல்லாரும் இறங்கினோம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அடுப்பு ஒன்று எரிந்ததாம், ஐந்து நிமிட வேலையாம். கட்டடக்காரர் போன கிழமைதான் பேசுகிற அபாயமணி பூட்டினாராம். எங்களுக்கு ஆர் சொன்னது?

பார்க்கிங்கில் ஜாக்கெற் இல்லாமல் நின்று பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஒருவர் விடாமல் எண்ணினேன். பிறகும் எண்ணினேன்.

ஒக்ரோபர் 22, புதன்

வீட்டில் சொன்னேன். இவர் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறம்ரனில் இவர் வேலை செய்கிற களஞ்சியத்தில் ஒருவன் சிகரெட் பற்றவைத்தாலே முழுப்பேரும் ரோட்டுக்கு ஓடுவார்களாம்.

மகள் அட்சயா சிரிக்கவில்லை. "அம்மா, அது லிற்றறலி வெளியிலை போ எண்டு சொல்லுது. யூ ஹேர்ட் இற். ஏன் இருந்தீங்க?"

ஏன் இருந்தேன்?

ஒக்ரோபர் 30, வியாழன்

நிறுவனத்திலிருந்து மிஸ்ரர் கிளிபோட் வந்தார். நெட்டை மனிதர், வெள்ளைத் தலை, ஒவ்வொரு சொல்லையும் கழுவிக் காயவைத்துப் பேசுகிறவர். பிள்ளைகளின் விடைகளைக் கொண்டுவந்திருந்தார். எல்லாரும், ஒருவர் தவறாமல், தீ அறிவிப்பைப் பிழையின்றி எழுதியிருக்கிறார்கள். யூசின் தீயணைப்பு வீரரின் வசனத்தில் வினைச்சொல் இல்லை என்று தானே ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்.

அகஸ்ரின் சேர் மேசையில் குத்தினார். "முழுப் புள்ளி! ஒரு வருசமாய் இவையளுக்கு இப்பிடி ஒரு வசனம் விளங்கினதே இல்லை. முழுப் புள்ளி குடுக்கவேணும்!" தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னார்.

மிஸ்ரர் கிளிபோட் சொன்னார்: "வெளியேறுங்கள் என்று கேட்டவர் வெளியேறவில்லை என்றால், அவருக்கு விளங்கவில்லை. விளங்காததற்கு எப்படிப் புள்ளி தருவது?"

"விளங்காமல் எப்பிடி எழுதுறது?"

"விளங்கினால் ஏன் இருந்தார்கள்?"

தேத்தண்ணி ஆறும் வரைக்கும் இப்படியே போனது. இரண்டு பேரும் சரி. அதுதான் பயங்கரம்.

கடைசியில் யூசினைக் கூப்பிட்டார்கள். மிஸ்ரர் கிளிபோட் மெதுவாகக் கேட்டார், அறிவித்தல் விளங்கியதா?

"யெஸ்."

"பிறகு ஏன் போகவில்லை?"

அவள் வெகுநேரம் வசனத்தைக் கட்டினாள். கட்டும்போது அவள் உதடு அசையும். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"மிஸ் எழும்பவில்லை."

 மிஸ்ரர் கிளிபோட் என்னைத் திரும்பிப் பார்த்து, அதே மெதுவான குரலில், பிள்ளையிடம் கேட்ட மாதிரியே கேட்டார்: "உங்களுக்கு அறிவித்தல் விளங்கியதா, மேடம்?"

யெஸ் என்றேன். யூசினுக்குக் கேட்டிருக்காது. எனக்கே கேட்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. இருபத்தேழாம் திகதி மறுசோதனை. அறிவித்தலைக் கேட்டும் வெளியேறாத அனைவரும் எழுதவேண்டும். அனைவரும் என்றால் நானும். கதவடியில் நின்ற அகஸ்ரின் சேரும்.

"எனக்கு ஐம்பத்தெட்டு வயசு!" என்று கத்தினார் சேர். பிறகு கொஞ்சம் யோசித்து, "மிஸ், பென்சில் தருவினமோ, நாங்கள் கொண்டுபோறதோ?" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

அட்சயா எனக்குக் கேட்டல் பயிற்சி தருகிறாள். சோபாவில் இருந்து ஒலிப்பதிவு கேட்கிறோம். ஒரு ஆணும் பெண்ணும் விடுமுறைக்குக் கொட்டேஜுக்குப் போவது பற்றிக் கதைக்கிறார்கள். பெண் ஏன் கோபமாக இருக்கிறாள் என்பது கேள்வி.

"அவள் கோபமாயோ இருக்கிறாள்?" என்று கேட்டேன்.

"அம்மா! அவ 'தற்ஸ் ஃபைன்' எண்டு சொன்னவ!"

"அப்ப சந்தோசம்தானே."

இவர் குசினிக்குள் இருந்து, "ஃபைன் எண்டால் கோபம். இருபத்தைஞ்சு வருசமாய் எனக்குத் தெரியும்" என்றார்.

பட்டம் பெற்ற ஆங்கிலம். முப்பது வருடம் படிப்பித்த ஆங்கிலம். எனக்குத் தெரியாமல் இது என்ன ஆங்கிலம்?

நவம்பர் 27, வியாழன்

மறுசோதனை. எங்கள் அறையில்தான். மிசிசாகாவிலிருந்து மேற்பார்வைக்கு ஒரு இளம்பெடியன் வந்தான். முகம் துடைத்த பீங்கான். பார்க்கப் பாவமாக இருந்தது. விதி வாசித்தான்: பேசக்கூடாது, அறையை விட்டுப் போகிறவருக்குத் திரும்பி வர அனுமதி இல்லை, சோதனை செல்லாது.

எனக்கு இடப்பக்கம் யூசின். முன்னால் ஹௌரான். கடைசி வரிசை வாங்கில் அகஸ்ரின் சேர், கூராக்கிய பென்சில்களை ஒரு கட்டாக வைத்துக்கொண்டு.

பாதி வழி. விமான நிலையத்தில் யாரோ பெட்டியைத் தொலைத்துவிட்டார்கள். ஹௌரானின் தாளில் சிவப்பாக ஒரு பொட்டு. இன்னொன்று. மூக்கால் இரத்தம். ஹீற்றர் போட்டால் காற்று காய்ந்துவிடும், போன குளிரிலும் அவனுக்கு வந்தது. அவன் இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வலக்கையால் எழுதினான். விரல் வழியாக வழிகிறது. எழுதுகிறான். பெட்டியின் நிறம் நீலம். எழுதுகிறான்.

மேற்பார்வைப் பெடியன் பார்க்கிறான். முகத்தில் ஒன்றுமில்லை. எனக்கு அந்த முகம் தெரியும்.

ஒருத்தரும் எழும்பேல்லை. ஒருத்தரும்.

என்ன சோதினை இது? ஆருக்கு இது? — நான் எழும்பினேன். கதிரை பின்னால் விழுந்தது. ஹௌரானைத் தோளில் பிடித்துத் தூக்கினேன். அவன், "மிஸ், நோ, நோ, இன்னும் ஒரு தரம் இருக்கு" என்று தாளைப் பிடித்துக்கொண்டான். இரண்டாம் தரத்துக்காகக் கெஞ்சுகிறான். தாளைப் பறித்து மேசையில் போட்டேன்.

வாசலைத் தாண்டும்போது பின்னால் இன்னொரு கதிரை இழுபட்டது.

கழிவறையில் ஹௌரானின் தலையைப் பின்னால் நிமிர்த்தினேன். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம்.

"நோ, மிஸ்! முன்னால்! தலை முன்னால்!"

யூசின். கை நிறையக் கடதாசித் துவாய். ஒரு வருடத்தில் அவள் என்னோடு உரத்துப் பேசியது இதுதான் முதல் தரம். என் கையைத் தட்டிவிட்டு அவன் தலையை முன்னால் குனித்துப் பிடித்தாள்.

"நீ ஏன் வந்தாய்? உனக்குச் செல்லாது" என்றேன்.

தோளைக் குலுக்கினாள். வசனம் கட்டவில்லை. உதடு அசையவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

சேருக்கு முன்னால் போய் நின்றேன். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நேற்று கதிரை விழேக்கை எனக்குக் கேட்டது, மிஸ். திரும்பிப் பாக்கேல்லை. பெட்டியின்ரை நிறம் எழுதினனான்."

பிறகு: "ஏ.எல். நேரம் எனக்குப் பக்கத்திலை இருந்தவன் மயங்கி விழுந்தவன். அதுக்கும் நான் திரும்பேல்லை. அவனுக்கு என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது."

 அவர் கெமிஸ்ரி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 13, சனி

நடுவில் எழும்பிப்போன எங்கள் மூன்று பேருக்கும் இதுதான் கடைசித் தவணை, மிசிசாகாவில். யூசினுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் ஜனவரி நடுவில் மூடுகிறது. இவர் காரைத் தந்து, பனி கொட்டுது, மெதுவாய்ப் போ என்றார்.

நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. கார்கள் நகரவில்லை. பிந்தினால் எல்லாம் முடிந்தது. நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி தமிழில் திட்டினேன், எல்லாச் சொல்லும்.  பின்சீற்றிலிருந்து ஹௌரான் கேட்டான்: "மிஸ், இரண்டாம் தரம் சொல்லுவீர்களா?"

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரித்துக் கண்ணீர் வந்து, பாதை தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். எழுதினோம்.

ஜனவரி 9, வெள்ளி

யூசின் சோதனையில் சித்தி. ஹௌரானும். மற்றப் பிள்ளைகள் நவம்பர் சோதனையிலேயே சித்தி. அகஸ்ரின் சேருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறார். மேசையில் தட்டுவதையும் அம்புலன்ஸ் சத்தத்தையும் விட்டுவிட்டார்.

நான் சித்தியில்லை. இரண்டு புள்ளி குறைவு. ஒரு மனிசி படம் பார்த்துவிட்டு 'நொற் பாட்', மோசமில்லை, என்று சொல்கிறாள், அவளுக்குப் படம் பிடித்ததா இல்லையா? எனக்கு இன்னும் தெரியாது.

இனி நான் சோதனை மேற்பார்வை செய்ய முடியாது. நிறுவனத்தின் விதி. சேர் கேட்டார், "அப்ப மிஸ், சோதினை இல்லாத பாடம் ஒண்டு எடுப்பியளோ? சும்மா கதைக்கிற பாடம்?" அப்படி ஒரு பாடம் இருக்கிறதா என்று கேட்டேன். "இண்டையிலிருந்து இருக்கு" என்றார்.

பெப்ரவரி 3, செவ்வாய்

பல் வைத்தியர் வெளிக்கிட்டுப்போன இடத்தில் தியான நிலையம் ஒன்று வந்திருக்கிறது. அதை நடத்துகிற அம்மா இன்று சேரிடம் முறைப்பாடு: உங்கள் பிள்ளைகளின் சத்தத்தில் எங்கள் ஆட்கள் கண்மூட முடியவில்லை. சேர் என்னைத் தேடி வந்து, முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. "கொஞ்சம் மெதுவாய்க் கதைக்கச் சொல்லுங்கோ மிஸ்."

கதவடிக்குப் போனேன். உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலால் யூசினின் குரல், ஹௌரானோடு ஏதோ சண்டை, மூச்சு விடாமல்:

"யூ நெவர் லிசின் மீ! ஐ ரெல் யூ யெஸ்ரடே!"

'லிசின்'னுக்கும் 'மீ'க்கும் நடுவில் ஒரு 'ரு' இல்லை. 'ரெல்' இல்லை, 'ரோல்ட்' வரவேண்டும்.

கைப்பிடியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.